ஏரிக்கரையிலிருந்து மேட்டுக்கு

நான் சைக்கிள் ஓடப் பழகியது மன்னார் மணலில். மணலில் ஓடியவளுக்கு வேறெந்தத் தரையும் பெரிய விஷயமில்லை என்று இன்றும் சொல்வேன். போரில் இடம்பெயர்ந்து வன்னியில் இருந்த காலத்தில், கரியரில் விறகுக் கட்டும் ஹாண்டிலில் தண்ணீர்க் கானுமாக, மாரி மழையில் குழைந்து கிடந்த வண்டிப் பாதைகளில் ஓடித் திரிந்தேன். விழுந்ததும் உண்டு. கானை விட்டதில்லை.

கலியாணமாகி டென்மார்க்குக்கு வந்து, ஹொல்ஸ்டெப்ரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே வயோதிபர்களை நடக்கப் பழக்கும் பிசியோவாக ஒரு டெனிஷ்காரி இருந்தாள். என்னைவிட இரண்டு தலை உயரம். ஒரு காலை, உறைபனி வழுக்கும் வீதியில் நான் கால் ஊன்றாமல் வளைந்து வந்து நிற்பதை ஜன்னலால் பார்த்துவிட்டு, "நீ எங்கே ஓடப் பழகினாய்?" என்று கேட்டாள். சொன்னேன். "அப்படியென்றால் சனிக்கிழமை எங்களோடு வா" என்றாள்.

சனிக்கிழமைகளில் அவளும் சில பெண்களும் சில்கபோர்ப் பக்கத்து ஏரிகளைச் சுற்றியுள்ள காட்டில் மவுண்டன் பைக் ஓடுவார்கள். நாங்கள் இருக்கும் ஜட்லாண்டுப் பகுதியின் தட்டை நிலம் அங்கே திடீரென்று மடிந்து மேடும் பள்ளமுமாகிவிடும். டெனிஷ்காரர் அதை மலை என்பார்கள். நுவரெலியா பார்த்த எவருக்கும் சிரிப்பு வரும். ஆனால் பீச் என்னும் உயர்ந்த காட்டு மரங்களின் வேர்கள் குறுக்கே புடைத்துக் கிடக்கும் ஒற்றையடிப் பாதையில், ஒரு பக்கம் ஏரி பளபளக்க, தடித்த டயர்ச் சைக்கிளில் இறங்கும்போது யாரும் சிரிக்கமாட்டார்கள். முதல் நாளே மற்றப் பெண்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போன ஒரு பள்ளத்தில் நான் பிறேக்கைத் தொட்டுத் தொட்டு இறங்கினேன். கீழே நின்ற பிசியோ அதைப் பார்த்தாள். அடுத்த சனிக்கிழமையிலிருந்து என்னை முன்னால் விட்டாள்.

இது நடந்து இரண்டு வருடத்தில், இரண்டாயிரத்து ஒன்பது பிறந்தது.

என் கணவரின் அண்ணனும் குடும்பமும் கடைசிப் போர் நடந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள். அவரை நான் அத்தான் என்பேன். அவர் மனைவியை அக்கா என்பேன். பெண் பிள்ளைகள் இரண்டு பேர். மாசி மாதத்துக்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. என் கணவர் ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் லீவு போட்டுவிட்டு, கொம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்துவிட்டார். காதில் எப்போதும் போன். கனடா, லண்டன், சுவிஸ் என்று ஆரையாவது கேட்டுக்கொண்டே இருப்பார். அவர்களைப் பற்றித் தெரிந்தவர் ஒருவருமில்லை. சாப்பாட்டைக் கோப்பையோடு கொண்டுபோய் மேசையில் வைத்தால், ஆறிய பிறகு அப்படியே எடுத்துக்கொண்டு வருவேன்.

போரை நிறுத்தக் கேட்டுக் கோப்பன்ஹேகனில் ஊர்வலம் என்றபோது நானும் போனேன், கத்தினேன். தேவாலயத்தில் முழங்காலில் நின்றேன். ஆனால் சனிக்கிழமை வந்தால் சைக்கிளைக் காரில் ஏற்றுவதை மட்டும் நான் விடவில்லை.

ஒரு சனிக்கிழமை கணவர் வாசலில் வந்து நின்றார்.

"அங்க சனம் செத்துக்கொண்டிருக்கு. நீர் சைக்கிள் ஓடப் போறீரோ?"

"ஓம், போறன்."

"சேர்ச்சில சனம் என்ன கதைக்குது தெரியுமோ? காற்சட்டையும் போட்டுக்கொண்டு வெள்ளையளோட காட்டுக்குள்ள திரியிறா எண்டு."

"கதைக்கட்டும். நான் வீட்டுக்குள்ள கிடந்தால் அங்க ஒரு ஷெல் குறையப் போறதில்லையப்பா. திங்கக்கிழமை நான் வேலைக்குப் போகவேணும், சமைக்கவேணும், உங்களையும் பாக்கவேணும். அதுக்கு எனக்கு மூச்சு வேணும்."

அவர் திரும்பி உள்ளே போனார். கோபமில்லை, களைப்புத்தான் என்று எனக்குத் தெரியும். கார்க் கதவைச் சாத்தினேன். செய்வது சரிதான் என்ற தெளிவு அன்று எனக்கு இருந்தது, இன்றும் இருக்கிறது.

மே மாதம், போர் முடிந்துவிட்டதென்று செய்தி வந்தது. யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று ஒன்றும் தெரியாத நாட்கள் அவை. அதற்கு அடுத்து வந்த சனிக்கிழமையும் நான் போனேன். பீச் இலைகள் புதிதாக விரிந்து, காடு முழுக்க இளம்பச்சை வெளிச்சமாக இருந்தது. நாங்கள் தண்ணீரோரமாகப் போகும் தாழ்ந்த பாதையில் ஓடிக்கொண்டிருந்தபோது, என் முதுகுப் பைக்குள் போன் அடித்தது. வேலையிடமாக்கும் என்று நிறுத்தி எடுத்தேன்.

கரகரவென்று இரைச்சல். அதற்குள் ஒரு பெண் குரல் என் பெயரைச் சொன்னது.

"நான் தான்... கேக்குதோ? உன்ர மனுசன்ர நம்பர் எந்நேரமும் எங்கேஜ்..."

அக்காவின் குரல். "அக்கா, எங்க நிக்கிறியள்?" என்று நான் கத்த, குரல் துண்டு துண்டாகி நின்றுபோனது. போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. எங்கிருந்து எடுத்தார் என்ற நம்பரும் விழவில்லை. திருப்பி எடுக்க வழியில்லை.

பிசியோ சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தாள். "என் கணவருடைய அண்ணி. உயிரோடு இருக்கிறா. எங்கே சிக்னல் கிடைக்கும்?" என்று கேட்டேன்.

அவள் யோசிக்கவில்லை. எங்களுக்கு நேர் மேலே காட்டினாள். ஏரியிலிருந்து மேட்டின் உச்சிக்கு நேரே ஏறும் சரிவு அது. நாங்கள் எல்லோரும் அதில் இறங்கியிருக்கிறோம். ஏறினவர் எங்களில் ஒருவருமில்லை. சுற்றுப் பாதை ஏரியின் மறுகோடிவரை போய் வரும்.

போனைச் சட்டைக்குள் மார்போடு செருகினேன். ஆகச் சின்னக் கியர். சீட்டின் முன்நுனியில் குந்தி, நெஞ்சை ஹாண்டில்மீது தாழ்த்தி, முன்சில்லு கிளம்பாமல் பாரத்தைப் போட்டேன். ஏற்றத்தில் மிதிப்பதை ஒரு கணம் விட்டாலும் சைக்கிள் நின்றுவிடும், நின்றால் விழுத்திவிடும். வேர் வந்த இடத்தில் ஹாண்டிலை இலேசாகத் தூக்கி, பின்சில்லு அதில் கடிக்கும்வரை மிதித்து அமத்தினேன். பாதி வழியில் சருகுக்குள் சில்லு வழுக்கிச் சுற்றியது. இடப்பக்கம் சாய்ந்து சில்லை மண்ணில் பிடிக்க வைத்தேன். கண்ணுக்குள் வியர்வை. கீழிருந்து பிசியோ டெனிஷில் ஒரே சொல்லைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்: "மிதி, மிதி." விழுவேன் என்ற நினைப்பு எனக்கு வரவேயில்லை. ஏறத்தான் போகிறேன் என்று கால்களுக்குத் தெரிந்திருந்தது.

உச்சியில் சைக்கிளைப் புல்லில் போட்டுவிட்டுப் போனைக் கையில் எடுத்தேன். சிக்னல் வந்தது. காத்திருந்தேன். கீழே ஏரியில் ஒரு வெள்ளைப் பாய்ப்படகு அசையாமல் நின்றது. போன் மறுபடி அடித்தது.

"ஓம் அக்கா, சொல்லுங்கோ. இப்ப நல்லாக் கேக்குது."

"வவுனியா ஆஸ்பத்திரியில நிக்கிறன். சின்னவளுக்குக் காலில காயம், ஆனால் நடப்பாள் எண்டு டொக்டர் சொல்லுறார். பெரியவள் என்னோட இருக்கிறாள். இது பக்கத்துக் கட்டில் அம்மாவின்ர போன். கனநேரம் கதைக்கேலாது."

"அத்தான்?"

அக்கா ஒரே சீரான குரலில் சொன்னார்.

"அவர் இல்லை. பங்கருக்கு வெளியில தண்ணி எடுக்கப் போனவர். நாங்களே மண்ணில தாட்டுப்போட்டு வந்தம். உன்ர மனுசனிட்ட நீதான் சொல்லவேணும். போனில சொல்லிப்போடாத. பக்கத்தில இருந்து சொல்லு."

"சொல்லுறன் அக்கா. நீங்கள் பிள்ளையளைப் பாருங்கோ. மன்னாரில என்ர தம்பி நிக்கிறான், இண்டைக்கே அனுப்புறன்."

தொடர்பு அறுந்தது. அங்கேயே நின்றபடி தம்பிக்கு எடுத்து, வார்டிலே போய்த் தேடச் சொன்னேன். அதன்பிறகுதான் புல்லில் இருந்து அழுதேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே வந்த பிசியோ, என் முதுகில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். பிறகு கார்ச் சாவியை என்னிடம் கேட்டு வாங்கினாள்.

வீட்டுக்குள் சேற்றுச் சப்பாத்தோடு போனேன். அவர் போனைக் காதில் வைத்தபடி திரும்பினார். என் முகத்தைப் பார்த்ததும் போனை மேசையில் வைத்தார். கதிரையை இழுத்து முழங்கால் முட்டும்படி முன்னால் இருந்தேன்.

"அக்கா கதைச்சவ. அவவும் பிள்ளையளும் வவுனியாவில இருக்கினம். உயிரோட இருக்கினம்."

அவர் உதடு அசைந்தது. "அண்ணை?"

"இல்லையப்பா."

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கையுறை கழற்றாத கைகள். "அவ என்ன சொன்னாவோ, அப்பிடியே ஒரு சொல்லும் விடாமல் சொல்லும்" என்றார். சொன்னேன். தண்ணீர் எடுக்கப் போனதைச் சொன்ன இடத்தில் வாய்விட்டு அழுதார். மாதக்கணக்காக அவருக்குள் அடைபட்டுக் கிடந்த அழுகை அது. அதன்பிறகு, நான் சொல்லாமலே கொம்ப்யூட்டரை நிறுத்தினார். அன்று சோறு தின்றார்.

தம்பி அவர்களைக் கண்டுபிடித்தான். போருக்குப் பிறகு சனத்தை அடைத்து வைத்த முகாமிலிருந்து அவர்கள் வெளியே வர மாதங்கள் எடுத்தன. வந்தபிறகு அக்கா மன்னாரில் என் தம்பி வீட்டுக்கு அருகிலேயே குடியேறினார். சின்னவள் கொஞ்சம் சாய்ந்து நடப்பாள், ஆனால் நடக்கிறாள். அத்தானுக்கு ஹொல்ஸ்டெப்ரோ தேவாலயத்தில் திருப்பலி ஒப்புக்கொடுத்தோம். என் காற்சட்டையைப் பற்றிக் கதைத்தவர்களும் வந்து கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள்.

இலையுதிர் காலத்தில் ஒரு நாள் கணவர், "அண்ணி கதைச்ச இடம் எது? எனக்குக் காட்டும்" என்றார். இருவரும் நடந்தே போனோம். ஏரிக்கரையில் நின்று அந்தச் சரிவை மேலும் கீழும் பார்த்தார்.

"இதாலயோ ஏறினீர்?"

"ஓம்."

"பொய்."

"அடுத்த சனிக்கிழமை வாங்கோ, ஏறிக் காட்டுறன்."

வந்தார். பிசியோவின் பழைய சைக்கிள் ஒன்றில், வேரைக் கண்ட இடமெல்லாம் இறங்கி, என்னையும் டென்மார்க்கையும் திட்டித் திட்டி வந்தார். நான் முன்னால் ஓடினேன். பின்னால் அந்தத் திட்டுச் சத்தம் கேட்கிற தூரத்திலேயே ஓடினேன்.