மூன்று மணிக்கு உறையும் திரை

மாமா, அதாவது என் அக்கா வீட்டுக்காரர், வேலையில் கெட்டிக்காரர். அவரையே கேட்டால் இன்னும் விரிவாகச் சொல்வார். ஒரே கம்பெனியில் அவர் புரோகிராம் எழுதுகிறார், அதில் நான் குறை கண்டுபிடிக்கிறேன். அக்கா புருஷனைக் குறை சொல்லச் சம்பளமும் கொடுத்தால் எந்த மச்சினனுக்குக் கசக்கும்?

ஆஸ்பத்திரிக் கூடத்தில் டோக்கன் எண் காட்டும் திரை மாமா எழுதியது. நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும் ஒரு வெப் பக்கம்தான். விட்டால் மூன்று மணிக்கு உறைந்துவிடும். அதனால் டாக்டர்கள் சாப்பிடப் போகும் ஒரு மணிக்கே நர்ஸ் கம்ப்யூட்டரை அணைத்துப் போடுவார். அந்தக் கிழட்டுப் பெட்டி எழுந்து வர அரை மணி நேரம். ஒரு நாள் நர்ஸ் லீவு. திரை 142-லேயே நின்றது. 143 வைத்திருந்த முதியவர் டாக்டர் கிளம்பிப் போகும்வரை திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று ஆஸ்பத்திரி எழுதிவிட்டது. மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

குறையைக் கண்டுபிடித்தேன். திரையில் வரும் ஒவ்வொரு டோக்கனுக்கும் வந்த நேரம், டாக்டர் பெயர் என்று எல்லாவற்றையும் ஒரு பட்டியலில் கட்டி வைத்திருந்தார். நோயாளி போனதும் டோக்கன் திரையிலிருந்து போய்விடும். பட்டியல் மட்டும் அதை விடாது. யாரோ பிடித்துக்கொண்டிருக்கும் பொருளைப் பிரவுசர் தூக்கி எறியாது. மூன்று மணிக்குள் மெமரி நிரம்பிவிடும்.

"போன ஆளை ஏன் மாமா இன்னும் பிடிச்சு வச்சிருக்கீங்க?"

"எப்பவாவது தேவைப்படும்."

"எப்ப?"

"அது தெரியாததாலதான் வச்சிருக்கேன்."

பட்டியலை எடுத்துவிட்டு, எதையும் இறுக்கிப் பிடிக்காத வீக்மேப் என்ற வேறு வகைப் பட்டியலைப் போட்டார். டோக்கன் திரையில் இருக்கும்வரை அதன் தகவலும் இருக்கும், டோக்கன் போனால் கூடவே போய்விடும். மாற்ற ஐந்து நிமிஷம். ஒப்புக்கொள்ள ஒன்றரை நாள்.

சனிக்கிழமை இருவரும் காலையிலேயே கூடத்தில் போய் உட்கார்ந்தோம். ஒரு மணிக்கு நர்ஸ் சுவிட்சைத் தேடி வந்தார்.

"இன்னிக்கு அணைக்காதீங்க சிஸ்டர்" என்று மாமா குறுக்கே போய் நின்றார்.

மூன்று மணி ஆனது. நான்கும் ஆனது. ஆறு மணிக்கு 211 உள்ளே போயிற்று. திரை அசரவில்லை. மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான்.

"இனிமே அணைக்கவே வேணாம் சிஸ்டர். காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் நிக்காம ஓடும்."

நர்ஸ் சுவரில் சாய்ந்து, செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"சந்தோஷம் சார். அது எழுந்து வர்ற அந்த அரை மணி நேரம்தான் நான் உட்காருவேன்."