தம்பி அரசனின் சட்டி

கொலோன் அருங்காட்சியகத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். உள்ளே, பழைய சீன நாடொன்றின் அரசன் வார்ப்பித்த வெண்கலச் சட்டி. அவன் ஏதோ எழுதியிருப்பதாகக் குறிப்பு சொல்கிறது. வெளிப்புறத்தில் ஓர் எழுத்தும் இல்லை.

"உள்ளுக்கை பாருங்கோ தம்பி," என்கிறார் காவலுக்கு நிற்கும் யாழ்ப்பாணத்து அக்கா.

எக்கிப் பார்க்கிறேன். சட்டியின் உள்ளே, அடியில் வரிவரியாக எழுத்து.

"என்ன எழுதியிருக்கு அக்கா?"

"தமையன் இருக்கத் தம்பிக்காரன் அரசனா வந்திட்டான். அதைத் தகப்பனுக்குச் சொல்லுறான்."

"சோறு போட்டா மறைஞ்சிடுமே! அப்பா எப்படிப் படிப்பார்?"

"தகப்பன் செத்திட்டார். இது அவருக்குப் படைக்கிற சட்டி. சாப்பிட்டு முடிச்சாத்தானே அடி தெரியும்?"

கண்ணாடியிலிருந்து ஓரடி பின்வாங்குகிறேன். ஒரு நாடே அவனை வணங்கிவிட்டது. அவனோ, அப்பா சாப்பிட்டு முடித்து அதைப் படிக்கக் காத்திருக்கிறான்.