பூட்டில்லாத முன்னணை

ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுவது அவளுடைய வேலை. எந்த வால்வு எளிதாகச் சுற்றும், எது முனகும், எதை இரண்டு கையாலும் பிடித்துக் கெஞ்ச வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஊர் அவளுக்கு வால்வக்கா என்று பெயர் வைத்துவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே வேறு யாரையோ என்று திரும்பிப் பார்ப்பாள். தண்ணீர் தாமதமானால் தெருவில் மறித்துச் சண்டைக்கு வருவார்கள். "ஏரிய என் முந்தானையிலயா முடிஞ்சு வெச்சிருக்கேன்?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டுவாள்.

கணவருக்கும் அதே நீர்நிலையத்தில்தான் வேலை. ஷட்டர் மெக்கானிக். ஏரிக்கும் ஊருக்குப் போகிற பெரிய குழாய்க்கும் நடுவே ஆழமான கான்கிரீட் குழி ஒன்று உண்டு. அதில் சேறு சேரும். ஏரிப்பக்கத்து மதகு ஷட்டரை இறக்கி, குழியை வற்றவைத்து, ஆள் இறங்கி அள்ள வேண்டும். அணைக்கு முன்னால் இருப்பதால் அந்தக் குழிக்கு வேலைக்காரர்கள் வைத்த பெயர் முன்னணை.

முன்னணையில் இறங்க இரண்டு சட்டம். இறங்குகிறவன் ஷட்டர் சக்கரத்துச் சங்கிலியில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். ஷட்டரைத் தூக்குகிறவன் குழியை எட்டிப் பார்த்து, "தண்ணி வருது" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் சக்கரத்தைத் தொட வேண்டும். இந்த இரண்டும் தெரியாதவனுக்கு அங்கே வேலை இல்லை.

கல்யாணமான புதிதில், கிறிஸ்துமஸ் ஆராதனையில், பிள்ளையைத் துணியில் சுற்றி முன்னணையில் கிடத்தினார்கள் என்று வாசித்தபோது கணவர் அவள் காதருகே குனிந்தார். "பச்சைப் பிள்ளையக் கொண்டுபோய் முன்னணையிலயா போட்டாங்க? ஷட்டருக்கு யாரு பூட்டுப் போட்டா?" விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே பதறிப்போய்க் கேட்டார். அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள். மாட்டுக்குத் தீவனம் வைக்கிற தொட்டி அது என்று வீட்டுக்கு வந்துதான் சொன்னாள். அதன்பிறகு வருஷம் தவறாமல் அந்த வார்த்தை வந்ததும் அவள் விலாவில் அவருடைய முழங்கை வந்து இடிக்கும். பிறகு நடுவில் மகள் உட்கார்ந்தாள். அவளைத் தாண்டி நீண்டு வந்து இடிக்கும்.

அவர் முன்னணையில்தான் செத்தார்.

ஒரு கோடைக்காலம். ஊரில் தண்ணீர் இல்லை, தொலைபேசி ஓயவில்லை. சூப்பர்வைசர் ஷட்டரைத் தூக்கச் செய்தார். கீழே ஆள் இருந்தது. விசாரணைக்கு வந்தவர்களிடம் சங்கிலியில் பூட்டே இல்லை என்று சொன்னார். பூட்டுப் போடாமல் இறங்கியது இறந்தவரின் கவனக்குறைவு என்று முடிந்தது. சவப்பெட்டிக்கு முன்வரிசையில் தோள் கொடுத்ததும் அதே சூப்பர்வைசர்தான். தேம்பித் தேம்பி அழுதார். நல்ல மனுஷன் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் சொன்னாள். பின்னால் அதை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மழைக்காலத்தில் ஒரு நாள், பழைய வாஷர் ஒன்றைத் தேடிப் பட்டறைக்குப் பின்னால் இருந்த இரும்புக் குப்பை டிரம்மைக் கிளறினாள். அடியில் கணவரின் பூட்டு கிடந்தது. பச்சைப் பெயின்ட் அடித்த பூட்டு. அவருக்குத்தான் அந்த அடையாளம். வளையம் அறுந்திருந்தது.

மகள் ஒரு தொழிற்சாலையில் கருவிகள் பழுதுபார்ப்பவள். பூட்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ரெண்டு பக்கமும் நசுங்கி வெட்டுப்பட்டிருக்கு. போல்ட் கட்டர். தானா உடைஞ்சதில்லம்மா. வெட்டினது." நேரே ஆபீசுக்குப் போகலாம் என்றாள்.

அம்மா அசையவில்லை. ஆபீசில் நாலு பேர்தான் இருப்பார்கள். நாலு பேர் போதாது. கிறிஸ்துமஸ் அன்று சபை நிரம்பி வழியும். பிறப்பின் பகுதியை எப்போதும் சூப்பர்வைசர்தான் வாசிப்பார். கணீர்க் குரல், புதுச் சட்டை. அவர் முன்னணை என்று சொல்லுகிற இடத்தில் இவள் எழுந்து நிற்பாள், பூட்டை உயர்த்திப் பிடிப்பாள். அவர் மனைவி பார்க்க, பிள்ளைகள் பார்க்க. அதன்பிறகு அந்த மனுஷன் எந்தத் தெருவிலும் தலை நிமிர்ந்து நடக்கக் கூடாது. பூட்டை அரிசி டப்பாவில் புதைத்து வைத்தாள். ஒவ்வொரு வேளையும் அரிசி அளக்கும்போது விரலில் தட்டுப்படும். பசி எடுப்பதே அதற்காகத்தான் என்பது போல் ஆனது.

அந்த வருஷம்தான் அவள் வேதபாடக் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தாள். பக்தி ஒன்றும் இல்லை. சூப்பர்வைசரும் மனைவியும் அங்கே வருவார்கள். இரையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவளுக்கு ஆசை.

கூட்டம் ஆம்புலன்ஸ் ஓட்டுகிற ஒருவர் வீட்டு முன்னறையில் நடக்கும். எல்லோருக்கும் அவர் டிரைவர் தம்பி. பிரசங்கம் செய்ய மாட்டார். வாரத்துக்கு ஒரு வார்த்தையை எடுத்துப் போட்டு, இது உங்க வேலையில, உங்க வீட்டுல என்னன்னு சொல்லுங்க என்பார். கிறிஸ்துமஸ் கதையை நட்சத்திரமும் ஆட்டுக்குட்டியுமாகக் காகிதத்தில் வெட்டி ஒட்டி நாசம் பண்ணிவிட்டோம் என்பது அவருடைய தீராத புகார்.

முதல் வாரம், பிறந்த பாலகனைத் தேடி ஏரோது ராஜா ஊர்ப் பிள்ளைகளைக் கொன்ற பகுதி. பிள்ளைகளைப் பறிகொடுத்து ஆறுதலே வேண்டாமென்று அழுகிற ராகேலின் பெயர் அங்கே வருகிறது. கிறிஸ்துமஸ் கதைக்குள் இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று வால்வக்காவுக்கு யாரும் சொன்னதில்லை. அழாதே என்று அவளை யாராவது அதட்டுகிறார்களா என்று கேட்டாள். இல்லை, அப்படியே அழவிட்டுத்தான் எழுதியிருக்கிறது என்றார் டிரைவர் தம்பி. அன்று அவளுக்கு வேதத்தின்மேல் முதல்முறையாக மரியாதை வந்தது.

அடுத்த வாரம் யோசேப்பு. நீதிமான் என்ற வார்த்தை. நிச்சயித்த மரியாள் கல்யாணத்துக்கு முன்பே கர்ப்பமானாள் என்று தெரிந்தும், அவளை ஊரறிய அவமானப்படுத்த அவருக்கு மனதில்லை. அதனால்தான் நீதிமான் என்றார் டிரைவர் தம்பி. வால்வக்காவுக்குச் சுருக்கென்றது. "அந்தப் பொண்ணு ஒரு தப்பும் பண்ணல தம்பி. தப்புப் பண்ணாதவங்கள அவமானப்படுத்தாம விட்டதுக்கா இவ்வளவு பெரிய பேரு?" என்றாள். தப்பில்லை என்று அந்த நேரத்தில் யோசேப்புக்குத் தெரியாதே அக்கா என்றார் டிரைவர் தம்பி. எதிரில் சூப்பர்வைசர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது சிவந்திருந்தது அவளுக்குத் தித்திப்பாக இருந்தது.

மூன்றாவது வாரத்து வார்த்தை முன்னணை.

ஒருவர் மாட்டுத்தொட்டி என்றார். இன்னொரு அம்மாள், ஏழைகளின் தொட்டில் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சூப்பர்வைசரின் மனைவி ஒன்றும் அறியாதவள். "உங்க வேலையிலயும் ஒரு முன்னணை இருக்குல்ல?" என்று கணவரைக் கேட்டுவிட்டு, கேட்ட பிறகு நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

வால்வக்கா காத்திருந்தது போலப் பேசினாள். கணவர் முதல் வருஷம் காதில் கேட்ட கேள்வியை, அவர் குரலில், அவர் பதற்றத்தோடு அப்படியே சொன்னாள். பார்வை முழுக்க சூப்பர்வைசர் முகத்தில். "பச்சைப் பிள்ளைய முன்னணையில போட்டாங்களாமே, ஷட்டருக்கு யாரு பூட்டுப் போட்டாங்கன்னு கேட்டாரு. நீங்க சொல்லுங்க சார். யாரு போட்டா?"

சூப்பர்வைசர் தேநீர்க் கோப்பையைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

பூட்டு வெட்டப்பட்ட விஷயம் தெரியாத டிரைவர் தம்பி முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "யாரும் போடலக்கா," என்றார் மெதுவாக. "அதான் கதையே. மேல ஏரோது சக்கரத்துல கை வெச்சுக்கிட்டு நிக்கிறான். ஆண்டவர் தெரிஞ்சேதான் இறங்கினாரு. பூட்டும் இல்ல, சாவியும் இல்ல."

சூப்பர்வைசர் மார்பில் எறிந்த கல் சுற்றி வந்து அவள் மார்பிலேயே விழுந்தது.

கணவர் செத்ததைவிட ஒரு விஷயம் அவளை அரித்துக்கொண்டிருந்தது. அந்தக் குழியில் அவர் தனியாக இருந்தார். தண்ணீர்ச் சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்திருப்பார். பக்கத்தில் ஒருத்தர் இல்லை. மகளிடம்கூட அவள் இதைச் சொன்னதில்லை. இப்போது வீட்டுக்கு நடக்கும்போது, ஆண்டவர் பிறந்ததே முன்னணையில் என்றால், கணவருக்கு முன்னால் அங்கே இறங்கிய ஆள் ஒருவர் உண்டு என்று அவளுக்குத் தோன்றியது. அதுவும் பூட்டில்லாமல். இவராவது பூட்டுப் போட்டார். நடுத்தெருவில் நின்றுவிட்டாள். என்னக்கா, தண்ணி எப்ப வரும் என்று யாரோ கேட்டார்கள். வரும்போது வரும் என்றாள்.

கோபம் ஒரு சொட்டும் குறையவில்லை. ஆனால் அரிசி டப்பாவில் கை வைத்தபோது வேறொன்று உறைத்தது. சபையில் சூப்பர்வைசர் ஒன்றும் அறியாமல் நிற்பார், புத்தகத்தில் குனிந்தபடி. இவள் மேலிருந்து குரல் கொடுக்காமல் ஷட்டரைத் தூக்குவாள். அவர் செய்ததும் அதுதானே.

கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை அவர் வீட்டுக்குப் போனாள். மகளும் கூடப் போனாள், வாசலிலேயே நின்றுகொண்டாள். சூப்பர்வைசர் மேஜையில் வேதத்தை விரித்து அடுத்த நாள் பகுதியை வாசித்துப் பழகிக்கொண்டிருந்தார். வால்வக்கா பூட்டை எடுத்து, விரித்த பக்கத்தின் மேல் வைத்தாள். இரண்டு அரிசி மணிகள் உதிர்ந்தன.

"தண்ணி வருது, சார்," என்றாள்.

அந்த வாக்கியத்துக்கு அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நாற்காலியில் சாய்ந்தார். போன் மேல் போன் வந்துகொண்டிருந்தது என்றார். உங்கள் கணவர் முன்னால் இரண்டு தடவை பூட்டைக் கழற்ற மறந்து வீட்டுக்குப் போயிருக்கிறார், இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன் என்றார். மறதிக்காரர்தான், அவளுக்கும் தெரியும். அதை அவள் மறுக்கவில்லை.

"எட்டிப் பார்த்தீங்களா?"

அவர் தலையை ஆட்டினார். இல்லை.

"நாளைக்கு அந்த வார்த்தை வரும்போது நீங்களே சொல்லிருங்க. நீங்க சொல்லலேன்னா நான் எந்திரிப்பேன். அவருக்குக் கிடைக்காத அவகாசம் உங்களுக்குக் கிடைச்சிருக்கு. ஏறி வர்றதுன்னா ஏறி வாங்க."

இரவெல்லாம் அவர் தூங்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே அவள் தூங்கினாள். அதை ஜெபத்தில் சேர்க்கலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

காலையில் சபை நிறைந்திருந்தது. அவர் பழைய சட்டையில் வந்திருந்தார். வாசிப்பு முன்னணை வரை வந்தது. மகளின் முழங்கை அம்மாவின் விலாவில் இடித்தது. அவர் குரல் நின்றது. பக்கத்தைப் புரட்டத் தெரியாதவர்போல நின்றார். பிறகு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பூட்டு இருந்தது, நான்தான் வெட்டச் சொன்னேன், இல்லையென்று பொய் சொன்னதும் நான்தான், கவனக்குறைவு என்னுடையது என்று சொன்னார். கணீர்க் குரலில் இல்லை. கடைசி வரிசைக்குக் கேட்டிருக்காது. முன்வரிசை பின்னால் திரும்பிச் சொல்ல, அது அலையலையாகப் போனது. அவர் மனைவி தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். யாரும் மேலே வாசிக்க எழவில்லை. டிரைவர் தம்பி போய் மீதியை வாசித்து முடித்தார்.

எத்தனையோ நாள் அரிசியோடு அளந்து வைத்த சந்தோஷம் அவளுக்கு வரவில்லை. அவர் மனைவியின் பிடரிதான் கண்ணில் பட்டது. சீப்பு வைத்து அழகாக வாரியிருந்தாள்.

வாசலில் அவர் கைகூப்பிக்கொண்டு எதிரில் வந்தார். மன்னிப்பு என்று ஆரம்பித்தார்.

"அதுக்கு இன்னும் தண்ணி மட்டம் ஏறல சார்," என்றாள் வால்வக்கா. "இங்க சொன்னது ஆண்டவருக்கு. எங்க வீட்டுக்காரரு பேர்ல கவனக்குறைவுன்னு எழுதியிருக்கறது ஆபீஸ்ல. விடுமுறை முடிஞ்சு திறந்ததும் அங்க வந்து சொல்லணும்."

"வர்றேன்க்கா. நீங்களும் கூட வருவீங்களா?"

"வராம?" என்றாள். "பாதி வழியில நீங்க திரும்பிட்டா?"

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கினாள். பண்டிகை நாளில் ஊருக்கு இரண்டு வேளை தண்ணீர் விட வேண்டும்.