மலைப்பாதையில் திறந்திருந்த படலை

எங்கள் மூத்த மகன் அருள் கடலில் போன பிறகு, என் கணவர் அவன் பெயரைச் சொல்லவே இல்லை. வருடக்கணக்காகச் சொல்லவில்லை. இந்தச் சாட்சியை அதிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

நாங்கள் யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறை. என் கணவர் யேசுதாசன் சின்ன வயதிலிருந்தே கடல் தொழில் செய்தவர். அன்றைக்கு அருளும் கூடப் போனான். காற்று திடீரென்று மாறி வள்ளம் கவிழ்ந்துவிட்டது. பக்கத்தில் தொழில் செய்துகொண்டிருந்தவர்கள் அவரை மட்டும்தான் உயிரோடு தூக்கிவந்தார்கள். தண்ணீரில் என்ன நடந்தது என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை. கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.

பிறகு வள்ளத்தை விட்டுவிட்டு மீன் லொறி ஓட்டப் போனார். கோயிலுக்கு வருவதையும் விட்டுவிட்டார். வீட்டில் நாங்கள் செபமாலை சொல்லத் தொடங்கினால் எழுந்து வெளியே போய்விடுவார். முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகுதான் விளங்கியது. "அருள் நிறைந்த மரியே" என்றுதானே அந்தச் செபம் தொடங்குகிறது. செபமாலையின் ஒவ்வொரு மணியிலும் நாங்கள் அவர் மகனின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அருளின் படங்களை எல்லாம் அவர் எடுத்து எங்கேயோ வைத்துவிட்டார். அண்ணன் போகும்போது எங்கள் மகள் ஜெனிற்றா கைப்பிள்ளை. ஒருநாள் அவள் என்னிடம், "அம்மா, அண்ணை ஆரைப்போல இருப்பார்?" என்று மெல்லக் கேட்டாள். நான் குசினிக்குள் போய் அடுப்புக்கு முன்னால் நின்று அழுதேன். அன்றிலிருந்து மாதாவிடம் ஒன்றை மட்டும்தான் கேட்டேன். இந்த மனுசன் ஒருமுறை வாய் திறந்து கதைக்கட்டும், ஒருமுறை அழட்டும். பதில் வரவில்லை. நானும் களைத்துப்போனேன்.

போன ஆவணி விடுமுறைக்கு, பிரான்சில் இருக்கும் அவருடைய தம்பி செல்வம் வந்தார். கொழும்பில் ஒரு கேம்பர் வானை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நேரே எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். உள்ளே படுக்கை, காஸ் அடுப்பு, கை கழுவும் தொட்டி எல்லாம் இருந்தன. மலைநாட்டைச் சுற்றிப் பார்ப்போம் என்றார். என் கணவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். "அண்ணை, நீங்கள் வராட்டி நானும் போகேல்லை" என்று தம்பி பிடிவாதமாக நின்றதில் ஏறிவிட்டார்.

அந்தப் பயணத்தை நினைத்தால் இப்போதும் மனம் அங்கேயே போய் நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் வெயிலுக்குள் வெந்துகொண்டிருந்த நாங்கள், கண்டி தாண்டியதும் கம்பளியைத் தேடினோம். நான் வானுக்குள்ளேயே புட்டு அவித்தேன். ஆவி கண்ணாடியை எல்லாம் மூடியது. ஜெனிற்றா அதில் விரலால் மீனும் வள்ளமும் கீறினாள். என் கணவர் பார்த்துக்கொண்டிருந்தார், அழிக்கச் சொல்லவில்லை. நுவரெலியாவில் காலையில் மூடுபனி வானைச் சுற்றி நிற்கும். நாங்கள் நால்வரும் ஒரே போர்வைக்குள் கால்களை நீட்டிக்கொண்டு தேத்தண்ணி குடிப்போம். செல்வம் பழைய பகிடிகளைச் சொல்லுவார். என் கணவர் ஓரிரு தடவை சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை காலம்.

நுவரெலியாவை விட்டு வெலிமடைப் பக்கம் இறங்கிய நாளில்தான் அது நடந்தது. வளைவுகளில் செல்வத்துக்குத் தலை சுற்றியதால் என் கணவர் ஓட்டினார். லொறி ஓட்டிய கைதான். ஆனால் எங்கள் ஊரில் ஏற்றம் ஏது, இறக்கம் ஏது? பாரமான வானைப் பிரேக்கிலேயே பிடித்துப் பிடித்து இறக்கினார். கொஞ்ச நேரத்தில் எரியும் மணம் வந்தது. அடுத்த வளைவில் அவர் காலை அழுத்துவது தெரிந்தது. வான் நிற்கவில்லை.

"பிரேக் பிடிக்குதில்லை" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கியரைக் குறைத்தார். எஞ்சின் அலறியது, ஆனாலும் வேகம் அடங்கவில்லை. இடது பக்கம் மலைச் சுவர், வலது பக்கம் வெறும் பள்ளம். நான் ஜெனிற்றாவை மடிக்குள் அமுக்கிக்கொண்டேன். எனக்குச் செபம் ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் சொன்ன செபம், ஒரு சொல்கூட வாயில் வரவில்லை.

அப்போது முன் ஆசனத்திலிருந்து அவர் குரல் கேட்டது. "அருள்" என்றார். இரண்டாம் முறையும் "அருள்" என்றார். செபத்தைத் தொடங்கினாரா, மகனைக் கூப்பிட்டாரா? எனக்கு இன்றுவரை தெரியாது. பின்னர் கேட்டபோது தனக்கும் தெரியாது என்றார்.

வளைவு திரும்பியதும் இடது பக்கத்தில் தேயிலைத் தோட்டத்துக்குள் ஏறும் ஒரு மண்பாதை தெரிந்தது. அதன் இரும்புப் படலை அகலத் திறந்திருந்தது. அவர் வானை அதற்குள் வெட்டித் திருப்பினார். வான் ஏற்றத்தில் ஏறி, இளைத்து, மெல்ல நின்றது. செல்வம் குதித்து இறங்கிச் சில்லுகளுக்குப் பின்னால் கல் வைத்தார்.

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்தார்கள். தோட்டத்துக் காவல்காரரும் வந்தார். அவர் முகம் வெளிறிப் போயிருந்தது. "இந்தக் கேட்டு எப்பவும் பூட்டித்தாங்க இருக்கும். கொழுந்து லாரி இப்பதான் மேல போச்சு. பூட்டத்தான் வந்துக்கிட்டு இருந்தேன்" என்றார். அவர் கையில் பூட்டும் திறப்பும் இருந்தன.

சகோதரங்களே, அவர் இன்னும் கொஞ்சம் விரைவாக நடந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்கமாட்டேன்.

என் கணவர் இறங்கிப்போய்த் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நிலத்தில் இருந்துவிட்டார். நான் பக்கத்தில் போய் இருந்தேன். அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"அவன்ரை கையை நான் விடேல்லை மேரி. அலைதான் பிரிச்சது. நான் விடேல்லை."

"எனக்குத் தெரியும்" என்றேன்.

அதன்பிறகு அவர் அழுதார். அந்த மலைச்சரிவில், முன்பின் தெரியாத பெண்களுக்கு முன்னால், குழந்தையைப்போல அழுதார். ஒரு பெண் தன் தலையில் கிடந்த துணியை எடுத்து எனக்குத் தந்தாள். அவர் முகத்தை அதனால் துடைத்தேன். ஜெனிற்றா வந்து அவர் முதுகில் சாய்ந்துகொண்டாள்.

வானைத் திருத்துபவர் வரப் பிந்திவிட்டார். அன்று பின்னேரம் முழுவதும் தோட்டத்து மக்கள் தந்த, பால் விடாத சாயத் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு வான் படியில் இருந்தோம். ஜெனிற்றா கேட்கக் கேட்க அவர் அருளைப் பற்றிக் கதைத்தார். அவன் நீந்தப் பழகியது, மீன் முள்ளுக்குப் பயந்தது, இவள் பிறந்த அன்று ஆசுபத்திரி மதிலில் ஏறி எட்டிப் பார்த்தது. சிலவற்றை நானே மறந்துபோயிருந்தேன். அதைவிட இனிமையான பின்னேரம் என் வாழ்க்கையில் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் அருளின் படங்களைத் திரும்பவும் சுவரில் மாட்டினார். ஞாயிறு பூசைக்கு என்னோடு வருகிறார். பின்னேரம் செபமாலை சொல்லும்போது எழுந்து போவதில்லை. முதல் சொல்லில் குரல் உடையும். உடைந்தாலும் சொல்லி முடிக்கிறார்.

என் மகன் திரும்பி வரவில்லை. அந்த வலி போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் இழந்துவிட்டேன் என்று நினைத்த கணவனை ஆண்டவர் எனக்குத் திருப்பித் தந்தார், என் பிள்ளைக்கு அவளுடைய அண்ணனையும் தந்தார். உங்கள் வீட்டிலும் கதைக்காமல் ஒருவர் இருக்கலாம். கேட்டுக் கேட்டு நீங்களும் களைத்திருக்கலாம். களைத்தால் களைத்தபடியே ஆண்டவர் முன் போய் இருங்கள். எனக்குச் செபம் வராத அந்த நேரத்திலும் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.