பின்பக்கத்து ஸ்பீக்கர்

ஹட்டன் பஜாரில் பன்னிரண்டு வருஷமாக சவுண்ட் செட் விற்கிறேன். எனக்குப் பொறுமை கிடையாது. ஆளைப் பார்த்ததுமே வாங்க வந்தவரா, வேடிக்கை பார்க்க வந்தவரா என்று சொல்லிவிடுவேன். ஜெயகாந்தன் அண்ணன் விஷயத்தில்தான் என் கணக்குத் தப்பிப்போனது.

நோர்வூட் பக்கம் ஒரு தேயிலை பெக்டரியில் இருபத்தெட்டு வருஷமாகக் கொழுந்து அரைக்கிற ரோலர் மெசினில் நிற்பவர் அவர். மகள் கிருஷாந்தியோடு மழையில் நனைந்து வந்தார். அவளுக்கு ஜோர்தானில் தையல் வேலை சரியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பயணம், திரும்பி வர மூன்று வருஷம் ஆகும். போவதற்குள் அப்பாவுக்கு நல்ல செட் ஒன்று பூட்டிக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

"டிவியில சத்தமே பத்தலன்னு முழுசாக் கூட்டி வச்சிடுறாருண்ணே. வரிசையா ஒட்டியிருக்கிற லயத்து வீட்டுச் செவரு கூரை வரைக்குமா இருக்கு? பக்கத்து வீட்டு நாகலெட்சுமி அக்கா தெனம் சண்டைக்கு வர்றாங்க" என்றாள்.

"பேச்சு தெளிவாக் கேக்கணும்னா நடுவுல வைக்கிற ஸ்பீக்கர் நல்லதா இருக்கணும் தங்கச்சி. சப் வூஃபர் வேணாம், அதோட அதிர்வுல கூரைத் தகரமே ஆடும்."

அவர் மசியவில்லை. சப் வூஃபர் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, இதுதான் வேண்டும் என்று தலையாட்டினார். சத்தம் போதுமா என்று கேட்டால் கட்டைவிரலை மேலே காட்டினார், கூட்டச் சொல்லி. வாயில் என்ன கொழுக்கட்டையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பெக்டரிக்குள்ள கையாலதாண்ணே பேசிக்குவாங்க. மெசின் இரைச்சல்ல வாயத் தொறந்து என்னா பண்றது? வீட்டுக்கு வந்தாலும் அதே பழக்கம்" என்று சிரித்தாள் கிருஷாந்தி.

நாற்காலியில் அவரை உட்கார வைத்து, முன்னால் மூன்று, பின்னால் இரண்டு என்று ஸ்பீக்கர்களை வைத்தேன். சத்தம் ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தது. முன்னால் கேட்டபோது சரி என்றார். பின்னால் இருந்த சின்ன ஸ்பீக்கர்களுக்குப் போனதும் கையை விரித்தார்.

"பின்னால ரெண்டும் வேலை செய்யல தம்பி."

வயரை மாற்றினேன். ஸ்பீக்கரை மாற்றினேன். கடைசியில் ஆம்ப்ளிஃபயரையே மாற்றினேன். எனக்கு நன்றாகக் கேட்டது, கிருஷாந்திக்கும் கேட்டது. "ஏண்ணே, உங்களுக்கு என்ன காது..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

அவள் முகம் செத்துவிட்டது. பெக்டரியில் எல்லாரும் கையால் பேசுகிறார்கள், லயத்தில் எல்லாரும் கத்திப் பேசுகிறார்கள். இதற்கு நடுவில் ஒருவருக்குக் காது போய்க்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியும்? அவருக்கே தெரியவில்லை. டிவியைத்தான் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் அப்பாகூடப் பேச எனக்கு போன் மட்டும்தாண்ணே இருக்கு" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அவர் மேல் எரிச்சல்பட்டதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

நான் ஆம்ப்ளிஃபயரை நிறுத்தினேன். அவள் மெதுவாக அவருக்குப் பின்னால் போய், ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றாள்.

"அப்பா."

அவர் திரும்பவில்லை.

"அப்பா, நான் போகலப்பா."

அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுலயும் ஒண்ணும் வரல தம்பி. வேற ஒண்ணு மாட்டிப் பாருங்க" என்றார்.