நீண்டுபோன தாழ்வாரம்

வானம் கறுத்தால் ஷம்சு பாய் தராசை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வருவார். கையை வெளியே நீட்டுவார். முதல் துளி விழுந்ததும் உள்ளே திரும்பி, "ஆமினா, சாயா போடு. துக்கானுக்கு ஆள் வரப்போவுது" என்று மனைவிக்குக் குரல் கொடுப்பார்.

கிர்மிட் என்ற கூலி ஒப்பந்தம் முடிந்து ஃபிஜியின் சவுசவு ஊரிலேயே தங்கிவிட்ட அவர் தந்தை தொடங்கிய கடை அது. துறைமுகத் தெருவில் அந்தக் கடைக்கு மட்டும்தான் அகலமான தகரத் தாழ்வாரம் இருந்தது. கொப்பரை விற்று வருகிறவர்களும் படகுக்குப் போகிறவர்களும் மழை விடும்வரை அங்கே ஒதுங்குவார்கள். ஒதுங்கினவர்கள் உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். பார்த்தவர்கள் ஒரு சோப்போ தூண்டில் முள்ளோ வாங்காமல் போவதில்லை.

குள்ளமான மனிதர். விலை சொல்லும்முன் ஒரு ஏலக்காயை வாயில் போட்டுக்கொள்வார். துணி கேட்டால், சேலையானாலும் சரி, தம் தோளிலேயே போட்டுக் காட்டுவார். வருகிறவர்களிடம் இந்தி, ஆமினாவிடம் தமிழ், தமக்குத் தாமே பேசும்போது இரண்டும்.

சென்ற ஆண்டு தெருக் கடைக்காரர்கள் எல்லாரும் கூடினார்கள். படகிலிருந்து இறங்குகிறவர்கள் சேற்றைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள், தெருவை எல்லாருமாகச் சேர்ந்து சீர்செய்வோம் என்று பேச்செடுத்தவர் பக்கத்துக் கடைத் தையற்காரர் கென்னத். எல்லாரையும் முந்திக்கொண்டு எழுந்தவர் ஷம்சு பாய்.

"என் தாழ்வாரத்த அப்படியே நீட்டிப்புடுவோம். இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே கூரை. ஜனங்க நனையாம நடக்கட்டும்."

அவரே தகரம் சுமந்தார், ஏணியிலும் ஏறினார். கூரைக்குக் கீழே பலகை நடைபாதை, தூண்களுக்குச் சுண்ணாம்பு. ஞாயிறு மாலைகளில் குடும்பம் குடும்பமாக உலாவ வந்தார்கள்.

மழையும் வந்தது. தாழ்வாரம் நிறைய ஆட்கள், நின்றவர் யாருமில்லை. குடையை மடக்கிக்கொண்டு, பேசியபடியே கடந்து போனார்கள். ஆமினா போட்ட தேநீர் ஆறிப்போயிற்று.

"கென்னத் தம்பி, எனக்கு ஒண்ணும் சமஜ் ஆவல. ஜனம் முன்னைவிட ஜாஸ்தி. வியாபாரம் கம்மி. ரெண்டும் எப்படிச் சேந்து நடக்கும்?"

"எனக்கு நல்லாத்தான் நடக்குது பாய். அந்தக் கோடிக்காரங்களுக்கும் சந்தோசம்தான்."

"அப்ப நாம செஞ்சது நல்லதா, கெட்டதா?"

"நல்லதுதான்."

"அப்படித்தான் எனக்கும் தோணுது" என்றார் ஷம்சு பாய். அவர் தேறிவிட்டாரா, குறைப்படுகிறாரா என்று கென்னத்துக்கு விளங்கவில்லை.

துணிகளை வாசலுக்குக் கொண்டுவந்து தொங்கவிட்டுப் பார்த்தார். சோப்பை அடுக்கிப் பார்த்தார். "ஒங்க கூரைய நீங்க கழட்டிக்கங்களேன்" என்றார் ஆமினா. "எது வரைக்கும் என் கூரைன்னு இப்ப எனக்கே தெரியலியே" என்றார் அவர்.

நான் கடைசியாக அவர் கடைக்குச் சாமான் வாங்கப் போனபோது நல்ல மழை. ஷம்சு பாய் உள்ளேயிருந்து ஒரு பெஞ்சை இழுத்துவந்து நடைபாதைக்குக் குறுக்கே போட்டார். "உக்காந்து போவட்டுமே" என்றார், என் முகத்தைப் பாராமல்.

இடுப்பில் குழந்தையும் கையில் கிழங்குக் கூடையுமாக ஒரு ஃபிஜியப் பெண் விரைந்து வந்தாள். பெஞ்சைக் கண்டு நின்றாள். துறைமுகத்தில் படகு ஊதியது. ஷம்சு பாய் அவளைப் பார்த்தார், கடையைப் பார்த்தார். பிறகு குனிந்து பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கி நிமிர்த்தி வழிவிட்டார். அவள் போய் வெகுநேரமான பின்பும், அதை எந்தப் பக்கம் இறக்குவதென்று தெரியாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார்.