கோத்தகிரிக்குப் போன கிளை

இன்றைக்கு நர்சரிகளில் ப்ளுமேரியா என்று எழுதி வைத்துத் தொட்டியோடு விற்கிறார்கள். பெரிய ஓட்டல் வாசல்களிலெல்லாம் நிற்கிறது. எங்கள் பக்கம் அதற்குக் கள்ளி மந்தாரை என்று பெயர். வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள். சுடுகாட்டு மரம் என்று வீட்டில் வைக்க மாட்டார்கள். நான் அதை வீட்டில் வைக்கவில்லை. என் மூத்த மகளைப் புதைத்த இடத்தில் ஊன்றினேன்.

காய்ச்சலில் போனாள். ஆறு வயதுகூட முடியவில்லை. எங்களில் பெரியவர்களை எரிப்போம், குழந்தைகளை எரிப்பதில்லை. பெருமாநல்லூருக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தின் கிழக்கு மூலையில் குழி வெட்டினார்கள். குழந்தை என்பதால் கல் கிடையாது, திதி கிடையாது, ஒன்றும் கிடையாது. நாலு மழை பெய்தால் தரை சமமாகிவிடும், மறந்துவிடலாம் என்றார்கள். எனக்கு ஆங்காரம் வந்தது. பெற்றவளுக்கு அந்த இடம்கூடத் தெரியக் கூடாதா? கோயில் மதிலோரம் நின்ற மரத்திலிருந்து ஒரு கிளையை முறித்து வந்து தலைமாட்டில் நட்டேன். பால் வடிகிற கிளை, ஆடு மாடு கடிக்காது. தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாவிட்டாலும் பிழைத்துக்கொள்ளும்.

அடுத்த வருடமே சின்னவள் பிறந்தாள். பார்க்க வந்த நாத்தனார் குழந்தையைக் குப்புறப் போட்டு முதுகைப் பார்த்தார். தோள்பட்டைக்குக் கீழே ஒரு மச்சம். "அதே எடத்துல அதே மச்சமுங்க. அவளேதான் திரும்பி வந்திருக்கறா" என்று சத்தம் போட்டு அழுதார். என் வீட்டுக்காரர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். மூத்தவளின் பெயரையே சின்னவளுக்கும் வைத்தார்கள். எங்கள் சனத்தில் அப்படிச் செய்கிற வழக்கம் உண்டு. எனக்குச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தலையைத்தான் ஆட்டியிருப்பேன். அந்த மனுசர் வயிறாரச் சாப்பிட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது, அன்றைக்குத்தான் இரண்டாம் தடவை சோறு கேட்டார்.

அதற்கப்புறம் அவர் கிழக்கு மூலைக்குப் போனதே இல்லை. நான் போனாலும் முறைப்பார். "அங்க என்ன கெடக்குதுன்னு போறே? அவதான் ஊட்டுக்குள்ள வெளையாடிட்டிருக்கறாளே" என்பார். தீபாவளிக்குச் சின்னவளுக்குப் பச்சைக் கலரில் கவுன் எடுத்து வருவார். "உனக்குத்தான் பச்சைன்னா உசுராச்சே கண்ணு" என்பார். பச்சை என்றால் உயிர் மூத்தவளுக்கு. சின்னவளுக்குப் பச்சையைக் கண்டாலே ஆகாது. ஆனாலும் போட்டுக்கொள்வாள்.

விவரம் தெரிகிற வயதில் நான் அவளிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். மறுநாளிலிருந்து அந்த மரத்தை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அங்கேதான் ஓடுவாள். "அக்கா இன்னிக்கு நெறையப் பூத்திருக்குதுங்கம்மா" என்று பாவாடையில் அள்ளிக்கொண்டு வந்து காட்டுவாள். அவளுடைய அப்பா காதில் விழாத மாதிரி தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பார். வீட்டை ஒட்டிய ஷெட்டில்தான் எங்கள் யூனிட். ஏற்றுமதிக்காரர்களிடம் துணி வாங்கிக் குழந்தைகள் டீ-ஷர்ட் தைத்துக் கொடுக்கிறோம்.

படித்து முடித்துப் பரீட்சை எழுதிச் சின்னவளுக்கு பேங்க்கில் வேலை கிடைத்தது. கோத்தகிரியில் போட்டார்கள். கிளம்புகிற அன்று தோட்டத்துக்குப் போய், இரண்டாகக் கவைத்த ஒரு கிளையை வெட்டிக்கொண்டு வந்தாள்.

"அந்தக் குளுருல அது பொழைக்குமா? கிறுக்கு புடிச்சிருக்குதா உனக்கு?" என்று கத்தினேன்.

"பனி கொட்டற ஊர்லயே பூக்க வெக்கறாங்கம்மா. போன்ல பாத்தேன். குளுரு காலத்துல எலையெல்லாம் கொட்டிரும். செத்துப்போச்சுன்னு நெனச்சுத் தண்ணி ஊத்துனாத்தான் நெசமாவே செத்துரும். தூங்க உட்டரணும், அவ்வளவுதான்."

வெட்டிய வாயில் பால் காயும்வரை ஒரு வாரம் நிழலில் கிடத்தினாளாம். அப்புறம் மணல் கலந்த மண்ணில் நட்டு, வெயில் விழுகிற ஜன்னல் பக்கம் வைத்தாளாம். துளிர்த்ததும் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். சரி, கழுதை எப்படியோ போகட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கென்ன, என் மரம் என் தோட்டத்தில் நின்றது.

அதுவும் நிற்கவில்லை. ரோட்டை அகலப்படுத்த எங்கள் கிழக்கு ஓரத்தை எடுத்துக்கொண்டார்கள். வேலை தொடங்கும் முன்னால் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்திருந்தோம். ஒரு முகூர்த்த நாளில் நாங்கள் சாமளாபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பினால், மூலையே இல்லை. மரத்தைப் பிடுங்கி, கிளைகளைச் சக்கரத்தில் நசுக்கி, மேலே ஜல்லியைக் கொட்டிவிட்டிருந்தார்கள். ஒரு குச்சி மிஞ்சவில்லை. அடியில் என் பிள்ளை கிடக்கிறாள் என்று யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் கல் எங்கே என்று கேட்பார்கள். இப்போது அதன் மேல் தார் போட்டு லாரி ஓடுகிறது. நான் அந்த ரோட்டில் போவதில்லை. ஊரைச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.

அத்தனை வருடமாக அந்தப் பக்கம் கால் வைக்காத மனுசர் அன்றைக்கு வேட்டி சட்டையோடு ஜல்லி மேல் உட்கார்ந்துவிட்டார். கூப்பிட்டால் எழவில்லை. பொழுது இறங்கித்தான் வீட்டுக்கு வந்தார். வந்ததும் கேட்டார், "கோத்தகிரிக்கு ஒரு கெளை எடுத்துட்டுப் போனாளே, அது இருக்குதா?"

அப்போது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஏனுங்க, அவ திரும்பி வந்துட்டான்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? அப்ப ஊட்டுக்குள்ள வளந்தது ஆருங்க?" என்றேன். போனை எடுத்துச் சின்னவளை அழைத்தார்.

அன்றிலிருந்து தினமும் போன். முன்பெல்லாம் "சாப்டியா கண்ணு" என்று ஆரம்பிப்பார். இப்போது எடுத்த எடுப்பில் "அது எப்படி இருக்குது?" முதலில் அவள் சிரித்துக்கொண்டு, "அது நல்லாருக்குதுங்கப்பா, நானும் நல்லாத்தான் இருக்கறேன்" என்பாள். போகப் போக இரண்டாவது பாதியைச் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

அந்த நாட்களில் ஷெட்டுக்குள் கள்ளி மந்தாரை வாசம் அடித்தது. மெஷின் எண்ணெயும் துணிப் பஞ்சும் மணக்கிற இடத்தில் சாயங்காலமானால் அந்த வாசம். என் மனசுக்குத்தான் அப்படித் தோன்றுகிறது என்று இருந்தேன். ஒரு நாள் தைத்து முடித்த பீஸ்களை மடித்துக்கொண்டிருந்த ஒடிசாப் பெண் தலையைத் தூக்கி, "அக்கா, பூ?" என்று கேட்டாள். பயந்துவிட்டேன். பொய் சொல்வானேன், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

மார்கழியில் சின்னவள் அனுப்பிய படத்தில் இலை ஒன்றுகூட இல்லை. மொட்டைக் கிளை, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. அவர் அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துச் சோறு இறங்காமல் கிடந்தார். மறுநாள் மத்தியானம் ஆட்களெல்லாம் சாப்பிடப் போன நேரத்தில் ஷெட்டில் ஒரு மெஷின் மட்டும் ஓடுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். இவர்தான் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். தடிமனான பருத்திப் பனியன் துணி, கழுத்துக்குப் பட்டி. கிளை இரண்டாகக் கவைத்திருந்தது அல்லவா, அதற்கு இரண்டு கை வைத்திருந்தார். பக்கத்தில் அளவு அட்டை கிடந்தது. ஐந்து ஆறு வயதுக் குழந்தைக்கு வெட்டுகிற அட்டை.

"குளுரும்ல?" என்றார் என்னைப் பார்க்காமலே.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பஸ்ஸில் கொடுத்து அனுப்பினார். சின்னவள் அதைக் கிளைக்குப் போட்டுவிட்டுப் படம் அனுப்பினாள். சட்டை போட்டுக்கொண்டு கையைத் தூக்கி நிற்கிறது, தலை மட்டும் இல்லை. நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

திருப்பூர்க்காரர்களுக்கு எதற்கெடுத்தாலும் பனியன் துணிதான். தரை துடைக்க, சூட்டுப் பாத்திரம் இறக்க, காயத்துக்குக் கட்ட, அழுதால் மூக்கைச் சிந்த. நம் துணி ஈரத்தைக் குடிக்கும் என்று காதர்பேட்டைத் துணிச் சந்தையில் வடக்கத்தி வியாபாரிகளிடம் பெருமையாகச் சொல்லி விற்பார்கள். கோத்தகிரியில் அது மூடுபனியைக் குடித்தது. ஜன்னல் இடுக்கு வழியாக வந்த பனியையெல்லாம் குடித்து, காயாமல், அந்தப் பிள்ளையை... அந்தக் கிளையை நாள் முழுக்க ஈரத்தோடு அணைத்துக்கொண்டிருந்தது. வெறுமனே விட்டிருந்தால் தூங்கி எழுந்திருக்கும்.

தை மாதத்தில் சின்னவள் அழுதுகொண்டே கூப்பிட்டாள். "அம்மா, அடித்தண்டு அமுக்குனா உள்ள போவுதுங்கம்மா. ஒரு கை கறுத்தே போச்சு. அப்பாகிட்டச் சொல்லீராதீங்க." அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். எழுந்து ஷெட்டுக்குப் போனார். மிச்சம் இருந்த அந்தத் துணிச் சுருளைத் தூக்கிக் கொண்டுபோய் வெளியே போட்டுக் கொளுத்தினார். "நாந்தான், நாந்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவரைப் பார்க்க எனக்குப் பெற்ற வயிறு இன்னொரு தடவை எரிந்தது.

சின்னவள் விடவில்லை. சமையல் கத்தியால் அழுகலை அறுத்துக்கொண்டே வந்தாளாம். கறுத்த இடத்தில் பால் இல்லை. இன்னும் அறுத்து, இன்னும் அறுத்து, நுனியில் ஒரு சாண் மிச்சம் இருக்கும்போது வெள்ளையாகப் பால் வந்ததாம். அங்கேயே நிறுத்திவிட்டாள். ஃபிரிட்ஜுக்கு மேலே, சூடு ஏறுகிற இடத்தில் காய வைத்து, மறுபடியும் மணலில் நட்டாள். காலையில் வேலைக்குப் போகும்போது கிழக்கு ஜன்னல், மத்தியானம் சாப்பிட வரும்போது மேற்கு ஜன்னல் என்று வெயிலோடு தூக்கிக்கொண்டு நடந்தாள். அந்த வருடம் முழுக்க வெறும் இலைதான். அடுத்த குளிர்காலத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை, ஒரு நூல் துணி போடவில்லை.

"இங்க கொண்டாந்துரு சாமி. நம்மூரு வெயிலுக்கு ஒடனே பூத்துரும்" என்று அவர் கெஞ்சினார்.

"வேண்டாங்கப்பா. இங்கயே பூக்கட்டும்" என்றாள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. என்ன பிடிவாதம் பிடிக்கிறாள் என்று நானும் திட்டினேன். அப்போது எனக்குப் புரியவில்லை.

சித்திரை முடியும்போது நுனியில் மொட்டு வந்தது. பூத்ததும் சொல்கிறேன் என்றாள். சொன்ன அன்றே கிளம்பினோம். அவர் விசேஷத்துக்குப் போகிற மாதிரி வெள்ளைச் சட்டை போட்டு, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். மலை ஏறும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பிடித்ததில்லை.

மேற்கு ஜன்னலில் தொட்டி இருந்தது. இரண்டு பூ விரிந்திருந்தன. நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். நடுவில் அதே மஞ்சள், ஆனால் இதழ் ஓரமெல்லாம் ரோஸ் நிறம் ஓடியிருந்தது. அடியில் நரம்பு நரம்பாகச் சிவப்பு. எங்கள் மரத்துப் பூ சுத்த வெள்ளை. "குளுருல பூத்தா இப்படிக் கலர் ஏறுமாம். அதே கெளைதாங்கம்மா" என்றாள் சின்னவள், டம்ளர்களில் டீயை ஊற்றிக்கொண்டே.

அவர் குனிந்து மோந்து பார்த்தார். நிமிர்ந்தார். திரும்பவும் குனிந்தார். முகம் சுண்டிப்போனது.

"இது அவ இல்ல" என்றார்.

சின்னவள் டீயை அவர் பக்கத்தில் வைத்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. நெடுநாளாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்ததைப் போல நிதானமாகச் சொன்னாள்.

"நானும் அவ இல்லீங்கப்பா."

சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். குழாயைத் திறந்து பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. அவர் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் சமையலறை வாசலில் போய் நின்றேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது. கூப்பிட்டு மார்போடு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று தவித்தது. வாயைத் திறந்தேன். அத்தனை வருடம் கூப்பிட்ட பெயர்தான், மூத்தவளுடைய பெயர். வரவில்லை.